ஆபத்துக்குதவும் நெருப்பு

நெருப்பு என்பது வேண்டியபோது தானே வந்து நிற்கும் பொருள் என்னும் நம்பிக்கையிலேயே இக்காலத்து இல்லங்கள் பலவும் நடைபெறுகின்றன. அடுப்பின் திருகைத் திருப்பினால் நீலச் சுடர் எழுகின்றது. நெருப்புப்பெட்டியோ சுவாமியறையிலே கற்பூரத் தட்டின் அருகே ஒன்று கிடப்பதோடு சரி. அந்த ஒன்றையும் தேடியே எடுக்கவேண்டிய வீடுகள் பல. நம் கல்லூரியின் பழம் பெருமையையும் அதனை வளர்த்த பெரியார்தம் தொண்டையும் இம்மலரிலே எழுதுவோர் பலர் உளர். யான் எழுதப் புகுவது அவற்றினுஞ் சிறியதொரு பொருள். பாசறை செல்லும் மாணவனின் பையிலும், வெள்ளத்துக்கும் புயலுக்கும் அஞ்சி வீட்டிலே கட்டிவைக்கும் அவசரப் பெட்டியிலும், நெருப்புண்டாக்குதற்கு எதனை வைத்தல் தகும் என்பதே அது.

இதனை எழுதத் தூண்டிய காரணம் ஒன்றுண்டு. வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர் விடுமுறைக்கு வரும்போது நம் சாரணர்க்கென அன்பளிப்புகள் கொண்டு வருவர். அவற்றுள் அண்மைக் காலத்தில் அடிக்கடி காணப்படுவது, கறுத்த சிறு கோலொன்றும் அதனைச் சுரண்டும் உருக்குத் தகடொன்றும் ஒரு கயிற்றிற் கோத்த கருவியாகும். 3000 பாகை வெப்பமுள்ள பொறி என்றும், 12,000 முறை உரசலாம் என்றும் அதன் உறையில் எழுதியிருப்பதுண்டு. ஆங்கிலப் பெயர் பலவாதலின் யான் அதனைப் பொறிக்கோல் என்றே இங்கு வழங்குவேன். மாணவர் அதனைக் கண்டு மகிழ்கின்றனர். பெற்றோருஞ் சிலர் தம் அவசரப் பெட்டிக்கு அதுவே போதும் என்று வாங்கி வைக்கின்றனர். அது நல்ல கருவிதான். ஆயினும் அதனை மட்டுமே நம்பியிருப்பவன் மார்கழி மழை இரவொன்றிலே குளிர்ந்த உலையின்முன் குந்தியிருப்பான் என்பது என் துணிபு.

நெருப்பை முன்னரே தேடிவைத்தல் புதுவழக்கன்று. கடைந்து தீயுண்டாக்கும் கோலைப் பழந்தமிழர் ஞெலிகோல் என்றனர். ஞெலிதல் என்பது கடைதல். வேள்விக்குரிய அரணிக் கட்டையும் அவ்வினத்ததே. புறநானூற்றின் 315 ஆம் பாட்டிலே ஔவையார் அதியமான் நெடுமானஞ்சியை வீட்டின் இறப்பிலே செருகிவைத்த ஞெலிகோலுக்கு ஒப்பிடுகின்றார். அடங்கியிருக்குங்கால் புலப்படாமையும், வேண்டியபோது பெருந்தீயாய்ப் புறப்படுதலும் அவ்விரண்டுக்கும் பொதுவாம். இப்பாட்டைக் கற்பிக்குந்தோறும் என் மனம் அதியமான்மேற் செல்வதிலும் அந்த இறப்பின்மேலேயே மிகுதியுஞ் செல்வதுண்டு. கோலை இறப்பில் ஏன் செருகினார்கள்? அது மழை நனைக்காத இடம். அடுப்புப் புகை எழுந்து உலர்த்தும் இடம். சிறுவர் கைக்கெட்டாத இடம். நள்ளிருளிலும் வீட்டார் கை தடுமாறாமற் சென்று எடுக்கும் இடம். கருவியைத் தெரிந்தெடுப்பதிலே நாம் காட்டும் ஆர்வத்திற் பாதியையேனும் அதனை வைக்கும் இடத்தைத் தெரிவதிற் காட்டினோமல்லேம்.

என் வயதினர் நெருப்பின் அருமையை நூலிற் கற்றவரல்லர். 1990 ஆம் ஆண்டின் பின்னர்க் குடாநாட்டிலே மின்சாரம் அற்று, மண்ணெண்ணெயும் மெழுகுதிரியும் நெருப்புப்பெட்டியும் கிடைத்தற்கரியனவாயின. ஜாம் போத்தலிலே பஞ்சும் சில துளி மண்ணெண்ணெயும் இட்டுத் திரியேற்றிய விளக்கின் முன்னிருந்தே நாங்கள் படித்தோம். என் அம்மம்மா ஒரு நெருப்புக்குச்சியைச் சவர அலகினால் நெடுக்காகப் பிளந்து இரண்டாக்குவார். பெரும்பாலும் அதற்கும் வேலையிராது. விடியற்காலையில் எவர் வீட்டு அடுப்பிற் புகை தெரிகின்றதோ அவ்வீட்டுக்குச் சிரட்டையுடன் சென்று தணல் வாங்கி வருவதே வழக்கம். இரவு தணலைச் சாம்பலால் மூடி வைத்துக் காலையிற் கிளறி ஊதுவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். அது இன்று பலர்க்கு இல்லை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் புறப்பட்டு, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். அன்று மழை. உறுதிகளையும் சான்றிதழ்களையும் பொலித்தீனிற் சுற்றி மார்போடணைத்து வந்தவர் பலர். நெருப்புப்பெட்டியைச் சட்டைப்பையிற் போட்டு வந்தவரும் பலர். மறுநாள் நாங்கள் தங்கிய பாடசாலை மண்டபத்திலே ஏழெட்டுக் குடும்பங்களிடம் பெட்டிகள் இருந்தன. பற்றும் குச்சி ஒன்றேனும் இல்லை. குச்சிகளின் தலை கூழாகியிருந்தது. மூதாட்டி ஒருவர் மட்டும் தம் அரிசிப்பானையைத் திறந்து, அரிசிக்குட் கையைவிட்டு, பொலித்தீன் சுற்றிய பெட்டியொன்றை எடுத்தார். அந்த மண்டபத்திலிருந்த குழந்தைகளுக்கெல்லாம் அன்று பால்மா கரைத்தது அப்பெட்டியினால் மூட்டிய நெருப்பிலேதான். அவர் பாசறை சென்றவருமல்லர், கருவி வாங்கியவருமல்லர். இறப்பிற்குப் பதிலாக அரிசிப்பானை, அவ்வளவே வேறுபாடு.

போர் முடிந்தது, இனி இப்பேச்சு எதற்கு என்பார்க்குக் கூறுவேன். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த புயலும், 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையும், 2008 நவம்பரில் யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் அமிழ்த்திய நிஷாவும், 2020 டிசம்பரில் வந்த புரெவியும், 2025 நவம்பரில் நாடு முழுவதையும் நனைத்து மலைநாட்டை மண்சரிவுகளால் வருத்திய டித்வாவும் எவரையும் நாட்கேட்டு வந்தனவல்ல. 2022 இல் எரிவாயு உருளைக்கு மக்கள் வரிசையில் நின்றபோது, விறகடுப்பு மூட்டத் தெரியாத இளங்குடும்பங்கள் எத்தனை என்பதையும் கண்டோம். இவற்றுட் பெரும்பாலான வாடைக்காற்றும் மாரியும் கூடிய ஐப்பசி, கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் வருவன. ஆதலின் நமக்கு நெருப்பு வேண்டப்படும் நாள் எல்லாப் பொருளும் நனைந்திருக்கும் நாளாகவே இருக்கும். வேண்டப்படுவதும் குளிர்காய்தற்கன்று. நம் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறைமேல் அமைந்தது. வெள்ளம் ஏறினால் மலக்குழி நீரும் கிணற்று நீரும் கலக்க நெடுநேரஞ் செல்லாது. நீர் கொதித்துக் குமிழியெழ ஒரு நிமிடமேனும் நிற்கச் செய்யாமற் குழந்தைக்குக் கொடுத்தல் ஆகாது. ஓர் உலை கொதிக்கப் பொறி போதாது, சுடரும் போதாது, அரைமணி நேரமேனும் நின்றெரியும் அடுப்பு வேண்டும். அவசரப் பெட்டியிலுள்ள பொருளை இந்த அளவுகோலினாலேயே அளத்தல் வேண்டும்.

இனிப் பொறிக்கோலை நோக்குவோம். இதன் உலோகம் பெரோசீரியம் எனப்படும். சீரியம் முதலிய அருமண் உலோகங்களோடு இரும்பைக் கலந்து ஒஸ்திரிய நாட்டு வேதியியலறிஞர் கார்ல் அவுவர் வொன் வெல்ஸ்பாக் 1903 இல் இதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். நம் கோயில் திருவிழாக்களிலே முன்னாளிற் பெற்றோமக்ஸ் விளக்குகள் ஒளிர்ந்தனவே, அவற்றிற் கட்டும் வலைத்திரிக்கும் மூலவர் இவரே. வாயு விளக்குக்கு அவ்வலைத்திரியை அவர் 1885 இலேயே ஆக்கினார். ஒரே மனிதர் ஒளிக்கும் பொறிக்கும் வழிகண்டது எண்ணி மகிழத்தக்கது. பழைய சக்கிமுக்கியிலே கல் உருக்கைச் சீவ, அவ்விரும்புத் துகள் சிவந்து பறந்தது. பொறிக்கோலிலோ தகடு கோலைச் சீவுகின்றது. சீவப்பட்ட துகள் காற்றுப் பட்டதும் தானே எரிகின்றது. வெப்பம் அதனாலேயே மிகுதி. தண்ணீரில் விழுந்தாலும் துடைத்துவிட்டு உரசலாம். பல ஆண்டு சும்மா கிடந்தாலும் வலி குன்றாது. இவை உண்மையான சிறப்புகள்.

எனினும் உறையில் எழுதாதவை சில உள. பொறி இமைப்பொழுதில் அணைவது. அது விழும் இடத்திலே பூம்பஞ்சு போன்ற, முற்றும் உலர்ந்த ஒன்று இருந்தாலன்றித் தீ பிறவாது. 12,000 முறை உரசலாம் என்பது பஞ்சில்லாதவனுக்கு 12,000 ஏமாற்றம் என்பதே. அடுத்து, கடற்காற்றின் உப்பும் ஈரமும் இவ்வுலோகத்தை அரிக்கும். தீவகத்திலும் கரையோரத்திலும் வாழ்வோர் சுரண்டிய கோலை அப்படியே பையிலிட்டால், அடுத்த முறை எடுக்கும்போது வெண்பூத்துப் பொடியுதிரும். மேலே நகப்பூச்சு ஒரு பூச்சுப் பூசிவைத்தல் நன்று. திறப்புக்கொத்திலே தொங்கவிடும் தீக்குச்சியளவான மெல்லிய கோல்கள் விளையாட்டுப் பொருள்களே; விறைத்த விரலாற் பிடிக்கவியலாதன, அழுத்தினால் முறிவன. வாங்குவோர் சிறுவிரற் பருமனும் விரல்நீளத்திற் சற்றுக் கூடியதுமான கோலை வாங்குக. மாணவர் பெரும்பாலும் தகட்டை வேகமாக முன்தள்ளிப் பஞ்சையே சிதறடிப்பர். தகட்டைப் பஞ்சின் மேலே அசையாது நிறுத்திக் கோலைப் பின்னிழுத்தலே முறை. இவ்வளவும் பழக்கத்தால் வருவன. பழகாத தாயொருத்தி நள்ளிரவில், அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முதன்முறையாக இதனைச் செய்வாள் என்று எதிர்பார்த்தல் அறிவுடைமையன்று.

அவளுக்கு உகந்தது கடையில் வாங்கும் சாதாரண லைற்றர். இதனைச் சொல்லுதற்கு ஆசிரியர் சிலர் கூசுவர். லைற்றர் என்றதும் சுருட்டும் சிகரெட்டும் அவர் நினைவுக்கு வரும். பொருளைக் குறைகூறிப் பயன் யாது? ஒரு கையால், ஒரு விநாடியில், பலநூறு முறை சுடர் தருவது அதைவிட மலிவாக வேறொன்றில்லை. அதன் சில்லின்கீழ் இருக்கும் கல்லும் அதே பெரோசீரியந்தான். எனவே வாயு தீர்ந்த பின்னரும் பொறி கிடைக்கும். சில்லு நனைந்தால் ஊதித் துடையில் உருட்டினால் உலரும். உள்ளிருக்கும் திரவம் தெரியும் கண்ணாடி போன்ற உடலுள்ளதைத் தெரிக. பீறிட்டெரியும் சுடருடைய விலையுயர்ந்தவை ஈரத்திற் பிணங்குவன; பெற்றோல் ஊற்றும் உலோக லைற்றர்கள் மூடியிருந்தும் சில கிழமைகளில் வற்றுவன; மின்னேற்றிப் பயன்படுத்தும் புதியவை மின்சாரம் அற்ற நாளுக்கென வாங்கத்தக்கவையல்ல. லைற்றரின் பெருங்குறை, பைக்குள் அதன் விசை அழுந்தி வாயு கசிதல். விசையின்கீழ் மட்டைத்துண்டொன்றைச் செருகி றப்பர் வளையத்தாற் கட்டினால் அது நீங்கும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விடலாகாது. மூட்டுவாதமுள்ள முதியோர்க்குச் சில்லைச் சுழற்றுதல் கடினம். ஒரு பொருளை அவசரப் பெட்டியிலிடுமுன் அதனை வீட்டின் மூத்தவர் கையிற் கொடுத்துப் பாருங்கள். அவராற் பற்றவைக்க முடியாதது அப்பெட்டிக்கு உரியதன்று.

முதியோர் கைக்குப் பழகியது நெருப்புப்பெட்டியே. இங்கிலாந்தில் ஜோன் வோக்கர் 1827 இல் உரசு குச்சிகளை விற்கத் தொடங்கினார். பின்னர் வந்த வெண்பொசுபரசுக் குச்சிகள் தொழிலாளரின் தாடை எலும்பை அழுகச் செய்தன. அவற்றைத் தடைசெய்ய நாடுகள் 1906 இற் பேர்ண் நகரில் உடன்பட்டன. நாம் இன்று வாங்குவது சுவீடிய நாட்டில் உருப்பெற்ற பாதுகாப்புக் குச்சி. அதிலே பொசுபரசு குச்சியில் இல்லை. பெட்டியின் பக்கத்திலுள்ள பட்டியிலே செம்பொசுபரசாக இருக்கின்றது. இதனை மறந்து குச்சிகளை மட்டும் போத்தலிலிட்டுப் பத்திரப்படுத்துவோர் உளர். பட்டியையும் வெட்டி, குச்சித் தலைகளிற் படாவண்ணம் தனியே சுற்றி உடன் வைத்தல் வேண்டும். தலையிலுள்ள உப்பு நீரிற் கரைவது. பட்டியின் பசை ஈரத்தில் இளகுவது. ஆதலாற் குச்சியினும் பட்டியே முதலிற் கெடும். குச்சித் தலையை மெழுகில் தோய்த்தெடுப்பதை நூல்கள் பல விதந்து கூறும். எனக்கு அதில் அத்துணை விருப்பமில்லை. மெழுகைச் சுரண்டாமல் உரசினால் பட்டி வழுக்கிப் பாழாகும். திருகுமூடி இறுக்கமான குளிசைப் போத்தல் ஒன்றிலே இருபது குச்சியும் இரண்டு பட்டித்துண்டும் இட்டு மூடுதல் அதனினும் எளிது, உறுதியானது.

பொறியும் சுடரும் பெறுதல் காற்பங்கு வேலை. முக்காற்பங்கு, அச்சுடரை விறகுவரை கொண்டுசேர்த்தல். இதுவே என் வழக்கின் உயிர்நாடி. 1908 இல் வெளிவந்த தம் சாரண நூலிலே பேடன் பவல் பிரபு வகுத்த தேர்வுகளுள் ஒன்று, இரண்டு குச்சிக்கு மேற்படாமல் நெருப்பு மூட்டுதல். 1912 இல் மாத்தளையிற் சாரணியம் இந்நாட்டில் தொடங்கிய காலமுதல் எத்தனையோ தலைமுறைச் சிறுவர் அத்தேர்வைக் கடந்தனர். அது குச்சியைச் சோதித்த தேர்வன்று. சுள்ளி பொறுக்கி, பருமன் வாரியாக அடுக்கி, காற்றுக்கு வழிவிட்டு அமைக்கத் தெரியுமோ என்று கையைச் சோதித்த தேர்வு. பொறிக்கோல் வந்தபின், ஒரு பஞ்சுருண்டையைப் பற்றவைத்துப் படமெடுத்துக்கொண்டு வித்தை முடிந்தது என்று எண்ணும் ஒரு மனப்பான்மை தோன்றியுள்ளது. உலை கொதித்ததா என்று கேட்பாரில்லை.

நம் நாட்டில் மூட்டுபொருளுக்குக் குறைவில்லை. பன்னாடை, தும்பு, காவோலை, கொக்காரை, சிரட்டை, ஊமல் என்று பனையும் தென்னையும் நமக்குத் தந்தவை பல. ஆயினும் இவற்றின் குணம் வேறுவேறு. இலவம்பஞ்சும் எருக்கலம்பஞ்சும் பொறிபட்டவுடன் குப்பெனப் பற்றி, மறு கணமே சாம்பலாகும். அடுத்தது பக்கத்தில் ஆயத்தமாக இல்லாவிடின் பயனில்லை. தும்பு பொறியை எளிதில் ஏற்காது. சுடர் கொண்டு பற்றவைத்தால் கனன்றுகொண்டே இருக்கும். முன்னாளிற் பெட்டிக்கடைகளின் முகப்பிலே நுனி கனலும் தும்புக்கயிறு ஒன்று தொங்கும். பீடி பற்றவைப்போர்க்காகக் கட்டியது. நாள் முழுவதும் நெருப்பைக் காத்து நிற்கும் அதனை நம் சாரணர் ஒருமுறையேனும் செய்துபார்த்தல் வேண்டும். சிரட்டை எண்ணெய்ப்பற்றுடையது, ஒருமுறை பற்றினால் ஈரவிறகையும் தன்வழிக்குக் கொண்டுவரும். உடைத்த உலர்சிரட்டைத் துண்டுகள் ஏழெட்டைப் பொலித்தீனிற் கட்டிப் பெட்டியின் அடியில் இடுவதற்குக் காசு செலவில்லை. விறகு நனைந்திருந்தாற் கலங்க வேண்டா. மழை மேற்புறத்தையே நனைக்கும். பருத்த கட்டையைப் பிளந்தால் நடுவயிரம் உலர்ந்தே இருக்கும். கத்தியில்லாத பெட்டியிலே பொறிக்கோல் இருந்தென்ன!

கையடக்கமான மூட்டுபொருள்களுள் நான் முதலிடம் கொடுப்பது வசலீன் பூசிய பஞ்சுருண்டைக்கு. பஞ்சு திரியாக நிற்க, நெய்போன்ற வசலீன் உருகி எரியும். சில நிமிடம் நின்றெரியும். மேலே நீர் பட்டாலும் பிரித்து உள்ளிருக்கும் இழையை வெளிப்படுத்தினாற் பொறியை ஏற்கும். பத்துருண்டை ஒரு சிறு தகரடப்பாவில் அடங்கும். மருந்துக்கடையில் இரண்டும் கிடைக்கும்.

கற்பூரம் இருக்க இதெல்லாம் எதற்கு என்று வினவுவார் உளர். வினா நியாயமானதே. சைவ இல்லம் ஒவ்வொன்றிலும் உள்ள பொருள் அது. நீரில் மிதந்தபடியே எரியவல்லது. ஒரு வில்லையை நனைந்த சுள்ளியின்கீழ் வைத்துக் குச்சியை நீட்டினாற் போதும். ஆனால் அது காற்றிற் கரைந்து மறையும் இயல்பினது. கடதாசிப் பொதியில் வைத்து ஓராண்டின் பின் திறந்தால் மணமும் வெறுங்கடதாசியுமே எஞ்சும். மிளகு இட்டால் நிற்கும் என்பர். மிளகின் ஆற்றலினும் மூடியின் இறுக்கமே காப்பது என்று கருதுகின்றேன். அதன் வாடை பக்கத்திலுள்ள பிஸ்கற்றிலும் பால்மாவிலும் ஏறும். சிறு வில்லையொன்றை விழுங்கிய குழந்தைக்கு வலிப்பு உண்டாகக்கூடும். ஆதலின் இனிப்பென்று எண்ணத்தக்க பொருள்களோடு அதனை வைத்தல் பெருந்தவறு. தனிப் போத்தல், இறுகிய மூடி, மேலே பெயர் என்ற மூன்றும் உடையார் கற்பூரத்தைத் தாராளமாக வைக்கலாம்.

இவற்றிடையே ஒரு மெழுகுதிரிக் கட்டையை மறத்தலாகாது. குச்சியால் விறகைப் பற்றவைக்க முயல்வோர் பெட்டியையே காலியாக்குவர். குச்சியாலே திரியை ஏற்றி, திரியைச் சுள்ளியின்கீழ் பிடித்தால் ஒரு குச்சி பத்துக் குச்சியின் வேலை செய்யும். சைக்கிள் ரியூப்பின் விரலகலத் துண்டும் நனைந்த நிலையிலே நன்கெரியும்; புகை கரியது, நஞ்சுடையது; வெளியிடத்தில் வேறு வழியற்றபோது மட்டும் கொள்ளத்தக்கது. மண்ணெண்ணெய்ப் போத்தலை அவசரப் பெட்டியில் வைக்கவே வேண்டா. அது கசிந்து உணவைக் கெடுப்பதன்றி, அணைந்ததென எண்ணிய தணலின்மேல் ஊற்றி எரிகாயம் பட்டோர் பலர். பேதிநீக்கக் கிணற்றுக்கிடும் கொண்டீஸ் உப்பையும் கிளிசரினையும் கலந்து தீயெழுப்பும் வித்தை ஆய்வுகூடத்துக்குரியது. பைக்குள் இரண்டும் சேர்ந்தால் நேர்வது யாதென்று சொல்லவேண்டுவதில்லை. பாசறையிலே துணிக்கூடாரத்துக்குள் எதனையும் பற்றவைக்கலாகாது என்பதைச் சாரணர் அறிவர்; உடன் செல்லும் பெற்றோரே அறிதல் வேண்டும்.

எனவே வீட்டுப் பெட்டிக்கு என் முடிபு இது. லைற்றர் இரண்டு, ஒரே இடத்தில் அல்லாமல், குளிசைப் போத்தலிற் குச்சியும் பட்டியும், மெழுகுதிரி, வசலீன் பஞ்சு, சிரட்டைத் துண்டு. இவற்றின் விலை ஒரு பொறிக்கோலின் விலைக்கு மேற்படுமோ என்பதே ஐயம். மாணவன் பைக்கு இவற்றோடு பொறிக்கோலும் சேரட்டும், அதனைப் பழகியவனாயின். வெளிநாட்டிலிருந்து வரும் அன்பர்கள் ஒன்றை நினைவிற் கொள்க: விமானத்தில் ஏற்றும் பொதிகளில் லைற்றரும் நெருப்புப்பெட்டியும் இடலாகாது, ஒருவர் தம்முடன் ஒன்றை மட்டுமே எடுத்துவர விடுவது பொதுவழக்கு. அவை இங்குள்ள எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். அன்பளிப்பை இகழ்தல் என் கருத்தன்று; ஆனால் நூறு பொறிக்கோலினும் பத்து நல்ல கைக்கோடரியும், ஈரம் புகாத மூடியுள்ள பெட்டிகளும் நம் சாரணர்க்கு இப்போது மிகவும் வேண்டப்படுவன.

கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நம் பாசறைகள் பெரும்பாலும் வெயிற்காலத்திலே, உலர்ந்த விறகு வண்டியிலே வந்திறங்க, நடைபெறுகின்றன. அங்கே நெருப்பு மூட்டாதவன் எவன்? நெருப்புமூட்டும் தேர்வைக் கார்த்திகை மாதத்தில், மழை பெய்த மறுநாள், கல்லூரி வளவிலேயே வைத்தல் வேண்டும். அளவுகோல் சுடரன்று; ஒரு லீற்றர் நீர் கொதித்தல். சாரணர்க்கு மட்டுமன்றி ஒன்பதாந்தர மாணவர் எல்லோர்க்கும் இதனை வைப்பதிலே குற்றமில்லை. மாணவர் கையில் நெருப்பைக் கொடுப்பதோ என்று அஞ்சுவோர்க்கு ஒன்று கூறுவேன். நெருப்பை ஆசிரியர் முன்னிலையிற் கையாண்ட பிள்ளையைவிட, அதனை ஒருபோதும் தொடாத பிள்ளையே வீட்டில் ஆபத்தை விளைப்பவன். லைற்றரை அணித்தலைவன் பொறுப்பிலே, முத்திரையிட்ட பொதியிலே வைத்தால் மற்றைய ஐயங்களுக்கு இடமில்லை.

பொதியைக் கட்டியபின் பல்லாண்டு மறந்துவிடுதல் நம்மவர் வழக்கம். லைற்றரில் வாயு குறையும், குச்சிப் பட்டி மெல்ல இளகும், கற்பூரம் போய்விடும். ஐப்பசி பிறந்தவுடன் பெட்டியைத் திறந்து யாவற்றையும் ஒருமுறை பற்றவைத்துப் பார்த்து, குச்சிகளைப் புதியனவாக மாற்றுக. கழித்த குச்சிகளை எறிய வேண்டுவதில்லை. கார்த்திகை விளக்கீட்டன்று வாசலிலும் கிணற்றடியிலும் வைக்கும் தீபங்களுக்கும் பந்தங்களுக்கும் அவை சரியாய்ப் போகும்.